ஆடிப்பெருக்கும் தீரன் சின்னமலையும்

போன சுதந்திர தினத்தில் நம் குடியிருப்புக் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று காந்தி, இரண்டு பாரதியார், ஒரு ஜான்சி ராணி வந்தார்கள். கடைசியாக ஒரு சிறுவன் மையால் வரைந்த மீசையும் அட்டைக் கத்தியுமாக வந்து நின்றான். யாரென்று கேட்டதற்குத் தீரன் சின்னமலை என்று கணீரென்று சொன்னான். அவர் என்ன செய்தார் என்றதற்கு வெள்ளைக்காரனோடு சண்டை போட்டார் என்றான். அப்புறம் என்று கேட்டதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், நான் ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நேரத்தில் அதற்கு மேல் நாலு வரிதான் தெரிந்திருந்தது.

அந்தக் கூச்சத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடி 18 அன்று உங்களில் பலர் கொடுமுடிக்குக் கிளம்புவீர்கள். படித்துறையில் முங்கி எழுந்து, மகுடேசுவரரைக் கும்பிட்டு, வன்னி மரத்தைச் சுற்றி, காப்பரிசி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவீர்கள். அதே ஆடிப்பெருக்கு நாளில்தான் சின்னமலை தூக்கில் தொங்கினார். அந்த இடம் காவிரிக்கு அக்கரையில், சங்ககிரி மலைக்கோட்டையில் இருக்கிறது.

பெயரென்னவோ நமக்குப் பழக்கமானதுதான். கொஞ்சம் வயதானவர்களுக்கு, திருச்சியிலிருந்து வரும் அரசுப் பேருந்துகளில் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்தது நினைவிருக்கும். கரூர் மாவட்டத்துக்கே சில காலம் அவர் பெயர் இருந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது இவையும் போயின. சென்னையில் சின்னமலை என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறதே, அது இவர் பெயரா என்று நம் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் கேட்டார். இல்லை. அது பரங்கிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மலை, கிறிஸ்தவர்களின் பழைய புனிதத் தலம். கொஞ்சம் தள்ளிக் கிண்டியில் நிற்கும் குதிரை வீரர் சிலைதான் நம்மவர்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவரைப் பற்றி நாம் அறிவதில் பாதி, கொங்கு நாட்டு ஊர்களில் வாய்வழியாக வந்த கதை. ஈரோட்டில் வாழ்ந்து 2023-ல் மறைந்த கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்த் தேடி எழுதியதால்தான் அதில் பெரும்பகுதி நம் கைக்கு வந்தது. மறு பாதி, அந்தக் காலத்துப் போர்களும் உடன்படிக்கைகளும். அவற்றுக்குத் தேதி உண்டு. இரண்டையும் குழப்பாமல் சொல்லப் பார்க்கிறேன். எங்கெல்லாம் சொல்வார்கள் என்று எழுதுகிறேனோ அங்கெல்லாம் அது ஊர்க்கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் மேலப்பாளையம் என்ற ஊரில் 1756 ஏப்ரல் 17 அன்று பிறந்தார். அப்பா இரத்தினம், அம்மா பெரியாத்தா. பழையகோட்டைப் பட்டக்காரர் வழியோடு சேர்ந்த குடும்பம். சர்க்கரை மன்றாடியார் என்பது குடிப்பட்டம். வைத்த பெயர் தீர்த்தகிரி. கொடுமுடிக்காரர்களுக்கு இந்தப் பெயர் சட்டென்று மனதில் ஒட்டும். பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் இங்கே காவிரித் தண்ணீரை முகந்துகொண்டுதான் நடக்கிறார்கள். தீர்த்தமும் கிரியும் சேர்ந்த பெயரை ஒரு கொங்குக் குழந்தைக்கு வைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்த ஊர் மண்ணைப் பார்த்தவர்களுக்கு அவருடைய வாழ்க்கை கொஞ்சம் எளிதாகப் புரியும். வாய்க்கால் பாசனம் அங்கே கிடையாது. சோளமும் கம்பும் கொள்ளும் விளையும் மேட்டுக்காடு. மழை பெய்தால் பண்ணையம், பொய்த்தால் மாடு. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, மாட்டை மேயவிடுவார்கள். கொரங்காடு என்பார்கள் அதை. காங்கேயம் காளை அப்படி மேய்ந்து வளர்ந்த இனம்தான். இப்படிப்பட்ட ஊரில் வரி என்பது களத்துமேட்டில் குவிந்த தானியத்திலிருந்து எடுத்துக்கொடுப்பது. அது எந்தப் பக்கம் போகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் பிறந்தபோது அது மைசூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மதுரை நாயக்கர்கள் பிடி தளர்ந்ததும் கொங்கு நாட்டை மைசூர் உடையார்கள் எடுத்துக்கொண்டார்கள். 1761-ல் ஹைதர் அலி மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றியபோது தீர்த்தகிரிக்கு ஐந்து வயது. சிலம்பு, வாள், குதிரையேற்றம் எல்லாம் பழகி, தம்பிமாரையும் ஊர் இளவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தார் என்பார்கள்.

அடுத்து வருவது எல்லோரும் அறிந்த கதை. கொங்கு நாட்டில் வசூலித்த வரிப்பணத்தை மைசூர் திவானின் ஆட்கள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். தீர்த்தகிரி வழிமறித்து அதைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல்லச் சொன்னார். அன்று முதல் சின்னமலை என்ற பெயர் நிலைத்தது. சம்பவம் நடந்த தேதி நம்மிடம் இல்லை. ஆனால் கதையின் பூகோளம் சரியாக இருக்கிறது. சென்னிமலையிலிருந்து தெற்கே பாருங்கள், நொய்யலைத் தாண்டிச் சிவன்மலை தெரியும். இரண்டுக்கும் இடையில் மலை எதுவும் இல்லை, மேட்டுக்காடும் மனிதர்களும்தான்.

இங்கேதான் எனக்கு முதலில் தடுக்கியது. உங்களுக்கும் தடுக்க வேண்டும். மைசூரின் வரியை மறித்த இந்த மனிதர், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து மைசூரின் திப்பு சுல்தானுக்காகக் குதிரையேறிப் போய்ப் போரிட்டார். பள்ளிப் புத்தகங்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. இடையில் என்ன நடந்தது?

நடந்தது போர். 1790-ல் கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் தெற்கிலிருந்து படையெடுத்து வந்தார். கரூர், தாராபுரம், கோயம்புத்தூர், ஈரோடு, சத்தியமங்கலம் என்று வரிசையாகப் பிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திப்பு கெஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி, விட்டதை மீட்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கோயம்புத்தூர்க் கோட்டை முற்றுகைக்குள்ளாகி நவம்பரில் திப்பு கைக்கு வந்தது. இரண்டு படைகளும் தின்றது நம் ஊர்த் தானியம். இரண்டு படைகளின் மாடுகளும் மேய்ந்தது நம் காடு. 1800-ல் இந்தப் பக்கம் பயணம் செய்த புக்கானன் என்ற கம்பெனி மருத்துவர் ஈரோட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹைதர் காலத்தில் அங்கே சுமார் 3000 வீடுகள் இருந்தனவாம். திப்பு காலத்தில் அது மூன்றில் ஒரு பங்கானது. மெடோஸ் படையெடுப்பில் அதுவும் அழிந்தது. புக்கானன் பார்த்தபோது மறுபடி தலையெடுத்து 400 வீடுகள் இருந்தன. இன்று நம் பகுதியில் உள்ள அபார்ட்மெண்டுகளை எண்ணினாலே அதைவிட அதிகம் வரும். ஒரு நகரமே அவ்வளவுக்குச் சுருங்கிப் போனது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வந்தது. திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கமெல்லாம் கம்பெனிக்குப் போனது. ஈரோடு, காங்கேயம், கோவை மைசூரிடமே நின்றது. ஆடிப்பெருக்கன்று கொடுமுடிப் படித்துறையில் நிற்கும்போது எதிர்க்கரையைப் பாருங்கள். 1792 முதல் 1799 வரை அது கம்பெனி நாடு, நீங்கள் நிற்கும் இடம் திப்பு நாடு, நடுவே எல்லையாகக் காவிரி. பரிசல் போட்டால் அரை மணி நேரத்தில் வேறு ராஜ்ஜியம்.

எதிர்க்கரையில் கம்பெனி என்ன செய்கிறது என்பது இக்கரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவனுக்கும் தனித்தனியாகத் தீர்வை கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை அங்கேதான் முளைத்தது. அந்த ஏற்பாட்டில் பட்டக்காரர்களுக்கும் பாளையக்காரர்களுக்கும் இடமில்லை. ஊர்க்காவல், பஞ்சாயத்து, ஆயுதம் எல்லாம் கம்பெனிக்கே. திப்புவும் தலைவர்களை ஒடுக்கியவர்தான். ஆனால் திப்பு அதிகமாக வாங்கும் எஜமானர்; கம்பெனியோ கணக்குப் புத்தகத்தில் உன் பெயரையே அடித்துவிடும் எஜமானர். சின்னமலையின் மனமாற்றத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மக்கள் நலன் மட்டும் காரணம் என்று சொன்னால் நமக்கு இனிக்கும். தன் குடும்பத்தின் பழைய அதிகாரமும் அதில் இருந்தது. இரண்டும் கலந்தேதான் அந்தக் காலத்துத் தலைவர்கள் எல்லோரும் போரிட்டார்கள்.

இனி குதிரைக்கு வருவோம். நாம் சிலையில் பார்க்கும் குதிரை வெறும் அலங்காரம் இல்லை. தென்னாட்டுத் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை வளர்ப்பது கடினம். அரபு நாட்டிலிருந்து கடல் வழியாகவும், வடமேற்கிலிருந்து தரை வழியாகவும் விலை கொடுத்து வாங்க வேண்டும். வந்த குதிரைக்குத் தினமும் கொள்ளு வேகவைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வகையில் நம் மேட்டுக்காடு குதிரைக்கு உகந்த பூமி, கொள்ளுக்குப் பஞ்சமில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் இன்றும் குதிரைச் சந்தை கூடுகிறது. திப்பு காலத்திலிருந்தே கூடுவதாகச் சொல்வார்கள்.

மைசூர்க் குதிரைப்படையின் பலம் நேருக்கு நேர் மோதுவதில் இல்லை. எதிரியின் தானிய வண்டிகளை மறிப்பது, தண்ணீர்த் துறைகளைக் காப்பது, தகவல் கொண்டு ஓடுபவனைப் பிடிப்பது, விடிவதற்குள் முப்பது மைல் தள்ளிப்போய்விடுவது. ஹைதர் இதில் மன்னர். படையில் இரண்டு வகைக் குதிரைக்காரர்கள் இருப்பார்கள். ஒரு வகையினருக்கு அரண்மனைக் குதிரை. இன்னொரு வகையினர் சொந்தக் குதிரையோடு வந்து சேருபவர்கள். சொந்தக் குதிரை செத்தால் பிழைப்பே போய்விடும் என்பதால் அந்த இரண்டாம் வகையினர் பீரங்கிக்கு முன்னால் பாயத் தயங்குவார்களாம். சொந்தக் காரை ஓட்டும் நமக்கு அது புரியாமலா போகும்?

கொங்குப் படையை அழைத்துக்கொண்டு சின்னமலை மைசூர் போனார். மழவல்லியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அவர் போரிட்டதாகக் கொங்கு வரலாறு சொல்கிறது. மழவல்லிச் சண்டை 1799 மார்ச் 27 அன்று நடந்தது. அதன்பின் நாற்பது நாள்கூட ஆகவில்லை, மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பிணக்குவியலுக்கு இடையில் திப்புவின் உடலைக் கண்டெடுத்தார்கள். உதவிக்கு வரக்கூடும் என்று திப்பு நம்பிய பிரெஞ்சுக்காரர்கள் எகிப்தோடு நின்றுவிட்டார்கள். காவிரிக்கு இக்கரையும் கம்பெனிக்குப் போயிற்று. சின்னமலை ஊர் திரும்பினார். வயது 43.

திரும்பியவர் பணிந்து போயிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. இவர் அரச்சலூருக்குப் பக்கத்தில் ஓடாநிலை என்ற இடத்தில் கோட்டை கட்டினார். பின்வாங்கி ஓடாத நிலை என்று அந்த ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். அங்கிருந்து அவர் தேடியது துணை. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் அந்தத் துணைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது தெரியும்.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அப்போது எல்லோர் பார்வையும் வடக்கே தூந்தாஜி வாக் மேல் விழுந்தது. திப்புவின் சிறையில் கிடந்தவர் அவர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த குழப்பத்தில் வெளியே வந்தார். சிதறிக்கிடந்த மைசூர்க் குதிரைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு உலகங்களுக்கும் அரசன் என்று பட்டம் சூட்டிக்கொண்டார். பட்டம் கொஞ்சம் அதிகம்தான், குதிரைகள் மட்டும் நிஜம். தெற்கே மருது சகோதரர்கள், மேற்கே மலபாரில் ஒரு கூட்டம், நடுவே கொங்கு, வடக்கே தூந்தாஜி. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவது என்று திட்டம் உருவானது.

அதன் முதல் அடி விழ வேண்டிய இடம் கோயம்புத்தூர்க் கோட்டை. நாள் 1800 ஜூன் 3. இன்று டவுன்ஹால், கோட்டை ஈஸ்வரன் கோயில் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறோமே, அதே பகுதிதான். சேர வேண்டியவர்கள் எல்லோரும் சேர்வதற்கு முன்பே அங்கே மோதல் தொடங்கிவிட்டது. கம்பெனிப் படை தயாராக இருந்தது. முயற்சி சிதறியது. பிடிபட்டவர்களில் 42 பேரைக் கோயம்புத்தூர், தாராபுரம், சத்தியமங்கலம் என்று பிரித்து, ஊர் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். அந்த 42 பேருக்கு நம் நகரத்தில் ஒரு தெருப்பெயர்கூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, கோனகல் என்ற இடத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி தூந்தாஜியை எட்டிப் பிடித்தார். நான்கு குதிரைப் படைப்பிரிவுகளை ஒரே வரிசையாக நிறுத்தி, தானே முன்னால் பாய்ந்தார். சுமார் 5000 குதிரைகளோடு நின்ற தூந்தாஜி அங்கேயே கொல்லப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இதே வெல்லெஸ்லிதான். தூந்தாஜியின் சிறு மகன் சலாபத் கானை அவரே எடுத்து வளர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர்க்காலத்து மனிதர்களை ஒரே நிறத்தில் தீட்ட முடிவதில்லை.

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே, தென் மாவட்டங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி ஆணையிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரர் போர் முடிந்தது என்று புத்தகங்கள் இங்கே அத்தியாயத்தை மூடிவிடுகின்றன.

ஓடாநிலையில் அது முடியவில்லை. திப்பு இல்லை, தூந்தாஜி இல்லை, மருதிருவர் இல்லை, பிரெஞ்சுக்காரன் வரப்போவதில்லை. துணை என்று ஒருவரும் மிச்சமில்லாத பிறகும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் தாக்குப்பிடித்தார். 1801-ல் காவிரிக் கரையில், 1802-ல் ஓடாநிலையில், 1804-ல் அரச்சலூரில் என்று மூன்று சண்டைகளைக் கொங்கு வரலாறு கணக்கு வைத்திருக்கிறது. மூன்றிலும் கம்பெனிப் படையைத் திருப்பி அனுப்பினார் என்பது அதன் கூற்று. எதிரே வந்த தளபதிகளின் பெயர்களையும், அவர்களுக்கு நேர்ந்த கதியையும் பற்றி நிறையக் கதைகள் உண்டு. அவற்றை நான் இங்கே எழுதவில்லை. நான்கு ஆண்டுகள் அவரைப் பிடிக்க முடியவில்லை என்பதே எனக்குப் போதுமான பெருமையாகப் படுகிறது.

எப்படி முடிந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். அரச்சலூரிலிருந்து காங்கேயம் வரை பழைய கிளுவை வேலிகள் இன்னும் மிஞ்சியிருக்கும் உள்சாலைகளில் ஒருமுறை மெதுவாகப் போய்ப் பாருங்கள். இட்டேரி என்று நாம் சொல்லும் வண்டித்தடம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள்வேலி. வழி தெரிந்த பத்துக் குதிரைக்காரர்களுக்கு அது கோட்டை. வழி தெரியாத ஆயிரம் பேர் கொண்ட படைக்கு, பீரங்கியை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போவதற்கு, அது பொறி. அதோடு ஊர் வாய் திறக்கவில்லை. ஊர் வாய் திறந்திருந்தால் நான்கு ஆண்டு இருக்கட்டும், நான்கு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

வாய் திறக்காதவர்களில் இரண்டு பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒருவர் கருப்பசேர்வை, படைத்தலைவர். இன்னொருவர் பொல்லான். தோல் வேலை செய்யும் அருந்ததியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கம்பெனி முகாமுக்குள் நடமாடி, கேட்ட செய்தியைச் செருப்புக்குள் வைத்துத் தைத்து ஓடாநிலைக்கு அனுப்பினார் என்பார்கள். பெரும்படை பீரங்கிகளோடு வருகிறது என்ற கடைசித் தகவலும் அப்படித்தான் வந்ததாம். விஷயம் தெரிந்ததும் கம்பெனி பொல்லானைக் கொன்றது. சின்னமலையின் படத்தை நம் ஊர்ப்பக்கம் ஒரு சாதியின் கொடியோடு சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டோம். நம் குடியிருப்பில் அரசியல் பேசுவதில்லை என்பது விதி, அதை மீறவில்லை. அந்தப் படையில் யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். பொல்லானுக்கு இப்போது அரசு விழா எடுக்கிறது. இருநூறு ஆண்டுத் தாமதம்.

பீரங்கிக்கு மண்கோட்டை தாங்காது என்று சின்னமலைக்குத் தெரிந்திருந்தது. ஓடாநிலை என்று பெயர் வைத்த இடத்தை விட்டு, ஆட்களோடு வெளியேறினார். இதைச் சிலர் கொஞ்சம் மென்று விழுங்கிச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று படுகிறது. குதிரைக்காரனுக்குச் சுவர் எதற்கு? கம்பெனிப் படை வந்து காலிக் கோட்டையைச் சுட்டுத் தரைமட்டமாக்கியது. இன்று அங்கே கோட்டை என்று சொல்ல எதுவும் இல்லை.

பழனி மலைப்பக்கம் கருமலையில் மறைந்து வாழ்ந்தார். அங்கே அவரை வீழ்த்தியது பீரங்கி அல்ல. நல்லப்பன் என்ற சமையல்காரர் காட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சாப்பிட உட்கார்ந்த வேளையில், ஆயுதம் கையில் இல்லாதபோது, வீட்டைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். அந்த நல்லப்பனுக்கு என்ன பயம் காட்டினார்களோ, என்ன ஆசை காட்டினார்களோ.

பிடித்தவர்களைச் சங்ககிரிக்குக் கொண்டுபோனார்கள். கொங்கு நாட்டின் நடுவே, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் மலை. மதிலுக்கு மேல் மதிலாக உச்சி வரை போகும் கோட்டை. ஊருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 1805 ஜூலை 31 அன்று சின்னமலையையும் அவருடைய சகோதரர்களையும் கருப்பசேர்வையையும் அங்கே தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 49. அடுத்த ஆண்டு ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் வாட்ஸ்அப் குழுவில் வருடாவருடம் இது வருகிறது. ஜூலை 31 என்கிறார்கள், ஆடிப்பெருக்கு என்கிறார்கள், ஆடிப்பெருக்கோ ஆகஸ்டு 2 அல்லது 3-ல் வருகிறது, எது சரி? இரண்டும் சரி. நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். இருநூறு ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று நாள். 1805-ல் ஆடி 18 ஜூலை மாதக் கடைசியில்தான் வந்தது. அதனால்தான் அஞ்சல் துறை 2005-ல் நினைவுத் தபால்தலையை ஜூலை 31 அன்று வெளியிட்டது. ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் அஞ்சலி செலுத்துபவர்களோ ஆடி 18 அன்று வருகிறார்கள்.

ஒருவேளை அந்தத் தேதியால்தான் அவர் மறக்கப்படாமல் இருக்கிறாரோ என்று தோன்றும். காவிரி நுங்கும் நுரையுமாகப் பெருகும் நாள், புதுத் தாலிக்கயிறு மாற்றும் நாள், முளைப்பாரி விடும் நாள். அதே நாளில் அக்கரையில் ஒரு குடும்பத்து ஆண்மக்களை வரிசையாகத் தூக்கில் போட்டார்கள் என்ற செய்தி ஆற்றங்கரை ஊர்களுக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு படித்துறையில் நின்ற பெண்கள் அதைப் பேசியிருப்பார்கள். அடுத்த ஆண்டும் பேசியிருப்பார்கள். ஆயுதத்தைப் பறித்த ஆணையால் அந்தப் பேச்சைப் பறிக்க முடியவில்லை.

இந்த ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி போகிறவர்கள், திரும்பும் வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். சிவகிரி வழியாக அரச்சலூர் போனால் ஓடாநிலை மணிமண்டபம். அன்று அரசு விழா இருப்பதால் கூட்டமாக இருக்கும். குழந்தைகளோடு நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த ஞாயிறு போங்கள். சங்ககிரி ஏற நினைப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. வயதானவர்கள் கீழ் மதில்களோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். சின்னமலைக்கு நினைவுச் சின்னம் அடிவாரத்திலேயே இருக்கிறது.

அந்தச் சிறுவனின் அட்டைக் கத்தி இன்னும் அசோசியேஷன் அறை அலமாரியில்தான் இருக்கிறது. இந்த ஆண்டும் அவன்தான் சின்னமலை என்று சொல்லிவிட்டான். அப்புறம் என்று யாராவது கேட்டால் இந்த முறை பொல்லானில் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறான். செருப்புக்குள் கடிதம் வைத்த பகுதி அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.